தீம் என்றால் கருப்பொருளா?

‘மக்பெத் நாடகத்தின் கருப்பொருள் பேராசை.’ ‘மாக்கிங்பேர்ட் நாவலின் கருப்பொருள் நிறவெறி.’ ஆங்கில இலக்கியத்தைத் தமிழில் விளக்கும் எந்தக் காணொளியைத் திறந்தாலும், எந்த வழிகாட்டி நூலைப் புரட்டினாலும் ‘தீம்’ (theme) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இந்தக் கருப்பொருள் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நம் ஊர்ப் பெற்றோர் வாயிலும் இதே சொல்தான். பேராசை கருப்பொருளாம்! தொல்காப்பியத்தை ஒரு தடவை புரட்டியிருந்தாலும் இப்படிச் சொல்ல நாக்கு எழாது.

முதலில் தீம் என்ற சொல்லை முடித்துவிடுவோம். கிரேக்கத்தில் ‘தேமா’. (நம் யாப்பில் வரும் தேமா, புளிமாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) ‘வை’, ‘நிறுவு’ என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. முன்னே வைக்கப்பட்டது, பேசுவதற்காக எடுத்து வைத்தது என்று பொருள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமர் பள்ளிகளில் தலைப்பைக் கொடுத்துப் பையன்களை லத்தீனில் எழுதவைத்த கட்டுரைப் பயிற்சிக்கே தீம் என்றுதான் பெயர். அமெரிக்கக் கல்லூரிகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் மாணவன் எழுதும் கட்டுரையைத் தீம் என்றார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

இன்றைக்கு அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில வகுப்பில் தீம் என்பது இன்னும் இறுகிப்போன கலைச்சொல். ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’, 1925இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’, 1960இல் வந்த ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ எல்லாம் அங்கே பல பள்ளிகளில் வாடிக்கையாக வைக்கப்படும் பாடங்கள். ‘மக்பெத்தின் தீம் என்ன?’ என்ற கேள்விக்குப் பிள்ளை ‘பேராசை’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் ஆசிரியர் ஏற்கமாட்டார். அது டாபிக், தீம் இல்லை என்பார். பேராசையைப் பற்றி நாடகம் என்ன சொல்கிறது என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்வார். ‘அறத்தின் கடிவாளம் இல்லாத ஆசை, அடைந்ததையும் அனுபவிக்க விடாது’ என்பது போல ஏதாவது எழுதினால்தான் மதிப்பெண்.

அங்கே பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட காமன் கோர் பாடத்தரம் 2010இல் வந்தது. அதில் 9, 10ஆம் வகுப்புகளுக்கான இலக்கிய வாசிப்பு விதி ஒன்று இதைத்தான் கேட்கிறது: பிரதியின் ‘தீம்’ ஒன்றைக் கண்டுபிடி, குறிப்பான விவரங்களால் அது எப்படித் தோன்றி உருப்பெறுகிறது என்று ஆராய்ந்து காட்டு. விவரங்கள் ஒரு பக்கம், அவற்றிலிருந்து எழும் தீம் இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம்.

தொல்காப்பியம் பாட்டில் வரும் பொருளை மூன்றாகப் பகுக்கிறது: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதல். கரு எது என்பதற்கு அதன் அகத்திணையியல் என்ற பகுதி பட்டியலே தருகிறது:

‘தெய்வம் உணாவே மாமரம் புட்பறை
செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ
அவ்வகை பிறவும் கருஎன மொழிப.’

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அந்த நிலத்தில் கண்ணால் காணவும் காதால் கேட்கவும் கிடைக்கிற பொருள்கள் கருப்பொருள். பாட்டின் கருத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் கருப்பொருளே கருத்து ஆகிவிடாது.

இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அரியணை ஆசையில் தன் மன்னன் டங்கனைக் கொல்லும் தளபதி மக்பெத்தின் கதைக்குள் போனால் என்ன ஆகும்? விளையாட்டாகத்தான் தொடங்கினேன், அசந்துபோனேன். தெய்வத்தின் இடத்தில் மூன்று சூனியக்காரிகளும் அவர்களின் தலைவி ஹெக்கட்டியும். உணாவுக்கு, மக்பெத் ஆள்வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கெடுத்த அந்த விருந்து. மாவுக்கு, அதாவது விலங்குக்கு, டங்கன் மன்னனின் குதிரைகள். அவன் கொலையை ஒட்டி அவை தறிகெட்டு ஓடி ஒன்றையொன்று தின்றன என்று ஒரு கிழவரும் ராஸ் என்ற பிரபுவும் பேசிக்கொள்கிறார்கள். மரத்துக்குப் பர்னம் காடே இருக்கிறது, படைவீரர்கள் கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு நடக்க, காடு நடப்பது போலத் தெரியும். புள்ளுக்கு, டங்கன் வருகிறான் என்று கேட்டதும் மக்பெத்தின் மனைவி நினைத்துப்பார்க்கும் தொண்டை கட்டிய அண்டங்காக்கையும், கொலை நடக்கும்போது அலறும் ஆந்தையும். பறையா? ‘பறை, பறை! மக்பெத் வருகிறான்’ என்று மூன்றாம் சூனியக்காரியே அறிவிக்கிறாள். செய்தி, அதாவது தொழில், போர். யாழ் மட்டும் சிக்கவில்லை. டங்கன் கோட்டைக்கு வரும் காட்சியில் ஏதோ துளைக்கருவி ஊதுகிறார்கள், அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

மக்பெத்தின் கருப்பொருள் இவை. ஒரு மாணவி இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் அருமையான கட்டுரை. ஆனால் இதில் எங்கே இருக்கிறது பேராசை? மாக்கிங்பேர்டும் அப்படித்தான். அந்தப் பறவையும், ராட்லி வீட்டு ஓக் மரமும், அதன் பொந்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த சூயிங் கமும், தெருவில் வந்த வெறிநாயும் கருப்பொருள். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சனுக்கு நீதிமன்றத்தில் நடந்த அநியாயத்தை வைத்து நாவல் என்ன சொல்ல வருகிறது என்பது வேறு. பாடத்தரம் ‘குறிப்பான விவரங்கள்’ என்கிறதே, அந்தப் பக்கத்தில் இருப்பதைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். கொஞ்சம் பிசகு என்றால் பொறுத்துக்கொள்ளலாம், இது தலைகீழ்.

சரி, எதிர்வாதத்தையும் கேட்போம். ‘கரு என்றால் சூல், முளை. ஒரு கதை எதிலிருந்து முளைத்ததோ அது அதன் கரு. சிறுகதை எழுதுகிறவர்கள் நல்ல கரு கிடைத்தது என்கிறார்களே? சொற்களின் பொருள் மாறும், தொல்காப்பியர் காலத்திலேயே நிற்க முடியுமா?’ சொற்பொருள் மாறும், ஒத்துக்கொள்கிறேன். ‘நாற்றம்’ மாறியதற்கு யாரும் இன்று வழக்குப் போடுவதில்லை. ஆனால் நாற்றத்தின் பழைய பொருள் பேச்சிலிருந்து போய்விட்டது, குழப்பம் இல்லை. கருப்பொருளின் பழைய பொருள் எங்கேயும் போகவில்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தமிழில் திணைவாரியாக அட்டவணை போட்டு அதை மனப்பாடம் செய்கிறார்கள். அதே பிள்ளை அடுத்த பாடவேளையில் ஆங்கிலக் கதையின் தீமுக்கும் கருப்பொருள் என்றே கேட்கிறது. இரண்டும் இலக்கியத்தைப் பற்றிய பாடம். ஒரே துறைக்குள் ஒரு கலைச்சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். சிறுகதையாளர் சொல்லும் ‘கரு’வும் எழுதுகிறவருக்கு முதலில் பொறி தட்டிய விஷயம், வாசகர் படித்து முடித்துக் கண்டடைவது தீம். தொடக்கத்தில் இருப்பதும் முடிவில் கிடைப்பதும் எப்படி ஒன்றாகும்?

அப்படியானால் உரிப்பொருள் என்று சொல்லலாமே என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள். கிட்டத்தில் வருகிறது, ஆனால் பொருந்தாது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று அகத்துக்கு, அதாவது காதல் பாட்டுக்கு, அளந்து கொடுத்த ஐந்து அவை, அவற்றை ஒட்டி நிகழும் நிமித்தங்களையும் சேர்த்து. கேட்ஸ்பி விரிகுடாவுக்கு அக்கரையில், பழைய காதலி வீட்டுப் படகுத்துறையில் தெரியும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பதை இரங்கல் என்று ஆசைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நெய்தல் வாடைகூட அடிக்கும். பணத்தால் கடந்த காலத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று நாவல் சொல்வது அந்த ஐந்தில் எதிலும் அடங்காது.

பாடுபொருள் என்ற சொல் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, டாபிக் என்பதற்கு அது கச்சிதம். மக்பெத்தின் பாடுபொருள் பேராசை. இதில் ஒரு குறையும் இல்லை.

தீமுக்கு உட்கருத்து என்பதே என் தேர்வு. காரணம் நம் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. ‘பொருள்’ என்று கேட்டால் ஒரு பெயர்ச்சொல்லைப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். ‘கருத்து என்ன?’ என்று கேட்டால் ‘இன்னது இப்படி என்பது’ என்று வாக்கியத்தை முடித்தாக வேண்டும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தும் வேலையைச் சொல்லே செய்துவிடும். மையக்கருத்து என்று ஏன் சொல்லவில்லை என்றால், மையம் ஒன்றுதான் இருக்க முடியும், நல்ல நாவலுக்கோ உட்கருத்து இரண்டு மூன்று இருக்கும். மேலும் கட்டுரைகளில் வெளிப்படையாகச் சொல்லப்படும் சென்ட்ரல் ஐடியாவுக்கு மையக்கருத்து தேவைப்படுகிறது. கதையில் அது சொல்லாமல் உள்ளே கிடப்பது, அதனால் ‘உள்’.

இதற்கு நம்மிடம் முன்மாதிரி இல்லையா? சிலப்பதிகாரத்தின் முன்னுரையாக நிற்கும் பதிகத்தைப் பாருங்கள்:

‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற் றாவதூஉம்
உரைசால் பத்தினிக்கு உயர்ந்தோர் ஏத்தலும்
ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதூஉம்
சூழ்வினைச் சிலம்பு காரண மாகச்
சிலப்பதி காரம் என்னும் பெயரால்
நாட்டுதும் யாமோர் பாட்டுடைச் செய்யுள்.’

மூன்று உட்கருத்துகள். அரசியல், கற்பு, ஊழ் என்று ஒற்றைச் சொற்களை அடுக்கவில்லை. அரசியலில் பிழைத்தவர்க்கு அறமே எமனாகும். புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தோரும் போற்றுவர். ஊழ்வினை சினந்து வந்து தன் பயனை ஊட்டும் ‘என்பதூஉம்’. அமெரிக்க ஆசிரியர் கேட்கும் வடிவம் இதுதான். சிலம்பு என்ற பொருளைக் ‘காரணமாக’ என்று தனியே எடுத்து வைத்திருப்பதையும் கவனியுங்கள். கிரேக்கச் சொல்லின் வேரில் இருக்கும் ‘நிறுவு’ இங்கே ‘நாட்டுதும்’ என்று வந்து நிற்பது தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இலக்கிய வகுப்போடு இந்தக் கூத்து முடிந்துவிட்டால் பேசாமல் இருந்திருப்பேன். உலக நாள் எது வந்தாலும் செய்தியில் ‘இந்த ஆண்டின் கருப்பொருள்’ என்று ஒரு வரி. 2018இல் இந்தியா முன்னின்று நடத்திய உலகச் சுற்றுச்சூழல் நாளுக்குப் பிளாஸ்டிக் மாசை முறியடிப்போம் என்றார்கள். அது முழக்கம். முழக்கம் என்று எழுதினால் யாருக்குப் புரியாது? கைபேசித் திரையின் வண்ணத்தை மாற்றும் இடத்திலும் கருப்பொருள். தோற்றம் என்றால் போதும். தீம் பார்க்கைக் கருப்பொருள் பூங்கா என்றும் எழுதுகிறார்கள். வேங்கை மரம் நட்டு, மயில் விட்டு, தொண்டகப் பறை வைத்துக் குறிஞ்சிப் பூங்கா ஒன்று அமைத்தால் அந்தப் பெயரை அங்கே மாட்டலாம், தண்ணீர்ச் சறுக்குக்கு வேண்டாம். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து இப்போது கணினியும் அதையே கற்றுக்கொண்டு, டார்க் தீமுக்கு ‘இருண்ட கருப்பொருள்’ வேண்டுமா என்று என்னிடமே கேட்கிறது.