டப்பா மேல் இருக்கும் பெயரை நம்பி ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள்

ஹென்றிக் ஷாரோ என்ற போலந்து இயக்குநர் அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு நாவல்களை மௌனப் படமாக எடுத்தார். 1928-ல் ஸ்டெஃபான் ஷெரோம்ஸ்கியின் 'ப்ஷெட்வியோஷ்னியே'. 1929-ல் ப்ஷிபிஷெவ்ஸ்கியின் 'மோட்ஸ்னி ச்வோவியெக்', அதாவது சாகக் கிடக்கும் நண்பனின் கையெழுத்துப் பிரதியைத் தன் பெயரில் வெளியிட்டுப் புகழடையும் ஒரு பத்திரிகைக்காரனின் கதை. முதல் படம் இன்று இல்லை. இரண்டாவதும் போய்விட்டது என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள், 1990களின் பிற்பகுதியில் பெல்ஜியத்துக் காப்பகம் ஒன்றில் பிரதி கிடைத்தது. ஷாரோ 1942-லேயே வார்சா கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1944-ல் தங்களை எதிர்த்து வார்சாவில் வெடித்த எழுச்சியை ஒடுக்கிய கையோடு அந்த நகரத்தையும் ஜெர்மானியர்கள் இடித்துத் தள்ளினார்கள். உள்ளூரில் மட்டும் பிரதி இருந்த படங்களின் கதி என்னவாகியிருக்கும்?

ஆக, ஒன்று பிழைத்தது தரத்தால் அல்ல, ஒரு பிரதி ஊர் தாண்டிப் போனதால்தான்.

பழைய படங்கள் அழிந்துபோனதற்குப் போர் ஒரு காரணம். பேசும் படம் வந்ததும், பழைய பிரதிகளை ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காகக் கரைத்து விற்றது இன்னொன்று. மூன்றாவது ஃபிலிமே. 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் கெடும்போது முதலில் படம் மங்கும், அப்புறம் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும், தேன் மாதிரி நுரை கட்டும், கடைசியில் பழுப்புத் தூளாக உதிரும். தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது, எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஃபிலிம் பாதுகாப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பரணில் துருப்பிடித்த டப்பா கிடைத்தால் புரொஜெக்டரில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள், பற்சக்கரத்தில் சிக்கினால் சுருங்கிப்போன ஃபிலிம் கிழியும். வெயிலிலும் அடுப்படியிலும் வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் திறந்து முகருங்கள்: வினிகர் நெடி அடித்தால் அது அசிடேட் என்ற இன்னொரு வகை ஃபிலிம், கெட ஆரம்பித்துவிட்டது. மற்ற ரீல்களிலிருந்து தள்ளி வையுங்கள். நைட்ரேட் என்று சந்தேகம் வந்தால் கை வைக்காமல் காப்பகத்துக்குச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். போலா நெக்ரி நடித்த 1917 போலந்துப் படம் 'பெஸ்டியா' அமெரிக்காவில் வேறு தலைப்பில்தான் ஓடியது, அப்படிப் போன பிரதியால்தான் இன்று அதைப் பார்க்க முடிகிறது. வெளிநாடு போன படத்துக்கு விநியோகஸ்தர் புதுப் பெயர் வைப்பது அன்றைய வழக்கம். அதனால் டப்பா மேல் இருக்கும் பெயர் படத்தின் அசல் பெயராக இல்லாமலும் இருக்கலாம். லேபிளைக் கழுவாமல், கிழிக்காமல், முதலில் ஒரு போட்டோ எடுங்கள். டப்பா யார் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் எழுதி வையுங்கள், எங்களுக்கு அதுதான் பெரும்பாலும் முதல் துப்பு.