கறிக்காக வாங்கிய அந்தக் குருவி எப்படிப் பிடிபட்டது?

நாயை வளர்ப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவரும்போதே அதன் எச்சில் ஒழுகி சட்டை நனைந்திருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து விஷம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டுக்கொண்டே, "என்ன தின்றது?" என்று கேட்டேன்.

"வெளியில் எதையும் தொடாது டாக்டர். காலையில் குருவி வாங்கிச் சுத்தம் பண்ணினோம். தலையையும் குடலையும் அதற்குப் போட்டேன்."

கறி மசாலா தடவி ஃப்ரிட்ஜில் இருந்தது, மதியச் சமையலுக்காக. உடனே வீட்டுக்கு போன் பண்ணச் சொன்னேன். நாய் மறுநாள் எழுந்து நின்றுவிட்டது.

காட்டுப் பறவை பிடிப்பவர்கள் எல்லோரும் வலை விரிப்பதில்லை. சிலர் தானியத்தில் குருணை மருந்தைக் கலந்து தூவிவிடுகிறார்கள். கார்போஃபியூரான் என்ற பூச்சிமருந்தின் குருணை ஒன்றே ஒன்று போதும், ஒரு சின்னப் பறவை செத்துவிடும். விழுந்ததைப் பொறுக்கிக் கழுத்தைத் திருகி, வலையில் பிடித்தது என்று சொல்லி விற்றுவிடலாம். உரித்த கறியைக் கண்ணால் பார்த்து எது உண்மை என்று என்னாலேயே சொல்ல முடியாது. குடலை எடுத்துவிட்டோமே என்பார்கள். மருந்து அதற்குள் ரத்தத்தில் ஏறியிருக்கும். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், சரி. விஷத்துக்கு அந்த நம்பிக்கை வைக்காதீர்கள்.

பறவை தானாகத் தின்றதும் நம்மைப் படுத்தலாம். வலசை போகும் காட்டுக்காடையைச் சாப்பிட்ட சிலருக்குத் தசை சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் வரை பாதித்திருக்கிறது. சமைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. சுட்ட பறவை என்றால் கறிக்குள் ஈயத் துகள் சிதறியிருக்கும், குழந்தைகளுக்கு அது ரொம்பக் கெடுதல். இறகு பிடுங்கும்போது கிளம்பும் தூசியிலும் நோய்க்கிருமி இருக்கலாம்.

குருவிக்கறி தின்ற சில மணி நேரத்தில் வியர்வை, வாந்தி, எச்சில் ஊறுதல், கண் மங்கல், மூச்சுத்திணறல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குருவி தின்றதை மறைக்காமல் சொல்லுங்கள். சட்டத்துக்குப் பயந்து வாய் திறக்காதவர்களுக்குத்தான் சிகிச்சை தாமதமாகிறது.

இவ்வளவும் எதற்காக? ஒரு சிட்டுக்குருவி சுமார் 30 கிராம். நெஞ்சுக்கறி ஐந்தாறு கிராம் தேறினால் அதிகம். ஒரு தட்டுக் கறிக்கு இருபது முப்பது உயிர். குஞ்சு பொரிக்கும் காலமாக இருந்தால் கூட்டில் காத்திருக்கும் குஞ்சுகளும் பட்டினியில் சாகும், அந்தக் கணக்கு யார் கண்ணிலும் படாது. மஞ்சள் மார்பு பண்டிங் என்ற குருவி ஆசியாவின் வடபகுதி முழுக்க ஏராளமாக இருந்தது. வலசை வழியில், முக்கியமாகச் சீனாவில், கறிக்காகப் பிடித்துப் பிடித்தே 1980-க்கும் 2013-க்கும் இடையில் 84 முதல் 95 சதவீதம் வரை குறைந்துபோனது. 2017-இல் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவைகள் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

பசை தடவிய குச்சியில் ஒட்டிய பறவைகளும் என்னிடம் வருகின்றன. தப்பிக்கத் துடித்ததில் இறக்கை பிசகி, தொடை இறகெல்லாம் பிய்ந்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் பிடித்து இழுக்காதீர்கள். ஒட்டும் இடத்தில் கொஞ்சம் மாவைத் தூவி, துணியில் தளர்வாகச் சுற்றி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துக் கொண்டுவாருங்கள். பசை ஒட்டிய இறகை வெட்டிவிட வேண்டாம். வெட்டிய இறகு, அடுத்த முறை பறவை இறகு உதிர்க்கும் வரை வளராது. அதுவரை அதனால் ஒழுங்காகப் பறக்க முடியாது.