இருத்தல் வேறு, பிழைத்தல் வேறு

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு நாவலுக்கு அறிமுகக் கூட்டம். பேசிய நால்வரில் மூவர் 'இந்த மக்களின் இருத்தலியல் போராட்டம்' என்றார்கள். நாவலில் வருவது என்ன? உப்பில் வெடித்த கால், அடகுக்குப் போன தோடு, மழை இறங்கியதும் வேலை நின்று அடுப்பு எரியாத நாட்கள். இதற்குத் தமிழில் ஆயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள சொற்கள் இருக்கின்றன. ஒன்றுகூட அந்த மேடையில் வரவில்லை. வீட்டுக்கு வந்து செய்தியைப் போட்டால், ஒரு நாட்டுக்கு 'இருத்தலியல் அச்சுறுத்தல்', தேர்தலில் தோற்ற கட்சிக்கு 'இருத்தலியல் நெருக்கடி'. இந்தச் சொல் எதைக் குறிக்க வந்ததோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குறிக்கிறது.

ஆங்கில 'எக்ஸிஸ்டென்ஷியல்' என்பதற்குத் தமிழில் போட்ட சொல் 'இருத்தலியல்'. அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'சிஸ்தெரே' என்றால் நிற்றல். வெளிப்பட்டு நிற்பது, தோன்றுவது என்பது முதற்பொருள். அதிலிருந்து 'எக்ஸிஸ்டென்ஸ்'. மனிதன் இருக்கும் விதத்துக்கு மட்டும் அதை ஒதுக்கிப் புதுப் பொருள் ஏற்றியவர் 19ஆம் நூற்றாண்டின் டென்மார்க் தத்துவவாதி கீர்க்கேகார்ட். 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' என்ற பெயர் 1940களில் பிரான்சில் பரவியது. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் முதலில் அந்தப் பெயரை ஏற்கவில்லை, பிறகு ஏற்றார். நாவலாசிரியர் காம்யு கடைசிவரை ஏற்கவில்லை.

சார்த்தர் 1945 அக்டோபர் 29 அன்று பாரிசில் ஆற்றிய உரையில் காகிதம் வெட்டும் கத்தி ஒன்றை எடுத்துக்காட்டினார். கத்தியைச் செய்பவன் மனத்தில் அது எதற்கு என்பது முன்பே இருக்கிறது. பயன் முதலில், பொருள் பிறகு. மனிதனுக்கு அப்படி முன்வரைவு கிடையாது. அவன் முதலில் இருக்கிறான், பிறகுதான் தான் யார் என்பதைத் தன் செயல்களால் ஆக்கிக்கொள்கிறான். இருத்தல் சாரத்துக்கு, அதாவது இன்னது என்ற இயல்புக்கு, முந்தியது என்று அவர் சொன்னதன் பொருள் இவ்வளவுதான். இங்கே பதற்றம் வருவது பசியிலிருந்து அல்ல. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வேறு யார் தலையிலும் போட முடியாது என்பதிலிருந்து.

வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்த, காம்யுவின் 'அந்நியன்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாயகன் மெர்சோவுக்கு அல்ஜியர்சில் அலுவலக வேலை, சம்பளம், அறை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இருக்கின்றன. பாரிசில் வேலை தருகிறேன் என்று முதலாளி சொன்னால் இரண்டும் ஒன்றுதான் என்கிறான். அவனுக்குப் பிழைப்பில் குறையே இல்லை. அதன் எதிர்முனையில் ஜாக் லண்டனின் 1908ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்று. யூக்கான் பனியில் தனியே நடக்கும் ஒருவன் மரத்தடியில் தீ மூட்டுகிறான். கிளையிலிருந்த பனி சரிந்து தீ அணைகிறது. மறுபடி தீக்குச்சி பிடிக்க விரல்கள் இல்லை, உறைந்துவிட்டன. அவனுக்கு வாழ்வின் பொருள் பற்றிய கேள்வியே எழுவதில்லை. தீ வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் பெரிய எழுத்து. இரண்டையும் 'இருத்தலியல் போராட்டம்' என்ற ஒரே முத்திரையால் குத்தினால் இரண்டையும் படிக்காமல் விட்டதாகத்தான் அர்த்தம்.

குழப்பத்துக்கு ஒரு வேர் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் மூன்றாம் அத்தியாயத்துக்கு வைத்த தலைப்பிலும் இதே 'எக்ஸிஸ்டென்ஸ்' வருகிறது: 'ஸ்ட்ரகிள் ஃபார் எக்ஸிஸ்டென்ஸ்'. பாலைவன ஓரத்துச் செடி வறட்சியோடு போராடுவதுவரை அந்தத் தொடரில் அவர் அடக்கினார். 'தக்கன பிழைத்தல்' என்று நாம் சொல்லும் தொடர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஸ்பென்சர் 1864இல் உண்டாக்கியது. டார்வின் அதைத் தம் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். இங்கே பேசப்படுவது உயிர் தங்குவது பற்றி. எப்படி இருப்பது என்ற கீர்க்கேகார்டின் கவலை அந்தச் செடிக்கு இல்லை. ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்றால் அது அந்த மொழியின் வசதி. நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கும்போது ஏன் ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும்?

அதுவும் எவ்வளவு நல்ல சொல்! 'பிழைத்தல்' என்றால் குறி தவறுதல். 'யானை பிழைத்த வேல்' என்கிறார் வள்ளுவர்: யானைக்கு எறிந்து தவறிய வேல். சாவு எறிந்தது, படவில்லை, ஆள் பிழைத்தான். தப்பியதும் தவறியதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அதிலிருந்து பிழைப்பு, பிழைக்க வந்தவன், வயிற்றுப் பிழைப்பு. உப்பளத்துப் பெண்ணின் வாயில் இயல்பாக வரும் சொல் இது. அவளைப் பற்றிப் பேசும்போது அவளுக்கே புரியாத சொல்லைப் பாரிசிலிருந்து இரவல் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டுக்கு வந்த ஆபத்தா? 'வாழ்வா சாவா' என்று எழுதுங்கள். 'அடியோடு அழியும் ஆபத்து' என்று எழுதுங்கள். செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் பெயரடையைத் தேடி முதலில் கிடைத்ததை ஒட்டிவிடுகிறார்கள். தொடர் என்ன சொல்கிறது என்று ஒரு நொடி நிற்பதில்லை.

இனி, தத்துவத்துக்கே 'இருத்தலியல்' சரியா? என் கருத்தில் அங்கும் தவறு. '-இயல்' என்பது ஒரு துறையின் பெயர்: இயற்பியல், உயிரியல், உளவியல். ஒரு நிலைப்பாட்டுக்கு, கொள்கைக்கு '-இயம்' போடுகிறோம்: மார்க்சியம், பெண்ணியம், பெரியாரியம். எக்ஸிஸ்டென்ஷியலிசம் நிலைப்பாடு. ஆகவே இருத்தலியம். இது வெறும் விகுதிச் சண்டை இல்லை. 'இருப்பது' என்றால் என்ன என்பதையே ஆராயும் 'ஆன்டாலஜி' என்ற பழைய துறை ஒன்று உண்டு. அதற்கு இயல்பாகப் பொருந்துவது 'இருத்தலியல்'தான். சார்த்தர் 1943இல் வெளியிட்ட பெருநூலின் துணைத்தலைப்பிலேயே அந்தத் துறையின் பெயர் இருக்கிறது. இருத்தலியத்துக்கு இருத்தலியல் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தத் துணைத்தலைப்பை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? இதையெல்லாம் எண்ணித்தானோ என்னவோ, 1970களில் எஸ்.வி. ராஜதுரை தம் அறிமுக நூலுக்கு 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' என்றே பெயர் வைத்தார். தவறான தமிழைவிட நேர்மையான ஒலிபெயர்ப்பு மேல் என்பதை நானும் ஏற்பேன்.

'இருப்பியல்' என்று சிலர் எழுதுகிறார்கள். இருப்பு என்றதும் நம் காதில் விழுவது கையிருப்பும் கடை இருப்பும் வங்கி இருப்பும்தான். ஆனால் ஈழத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு. 'எமது இருப்பு' என்று அங்குள்ளவர்கள் சொல்லும்போது ஓர் இனம் தன் மண்ணில் தொடர்ந்து இருப்பதைக் குறிக்கிறார்கள். நிலத்தோடும் இழப்போடும் சேர்ந்து உருவான வழக்கு அது. அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பிரெஞ்சுத் தத்துவத்துக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது.

'இருத்தல்' மட்டும் சுத்தமான சொல்லா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. தொல்காப்பியத்தில் இருத்தல் முல்லைக்குரிய உரிப்பொருள்: பிரிந்தவன் வரும்வரை ஆற்றியிருப்பது. இந்தப் பழம்பொருள் தத்துவச் சொல்லைக் கெடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. கார்காலம் வந்தும் தலைவன் வராத மாலையில் 'இன்னும் இருப்பேன்' என்று ஒருத்தி முடிவெடுப்பது வெறுமனே உட்கார்ந்திருப்பது அல்ல. ஆனாலும் முல்லைப்பாட்டை இருத்தலிய இலக்கியம் என்று அழைக்கக் கிளம்பிவிடாதீர்கள். கற்பும் கடமையும் முன்பே வகுக்கப்பட்ட உலகம் அது.

பிழைத்தலும் இருத்தலும் ஒரே கதையில் சந்திக்கும் இடங்களும் உண்டு. காம்யு 1947இல் வெளியிட்ட கொள்ளைநோய் நாவலில் அல்ஜீரியாவின் ஒரான் நகரமே அடைபட்டுக் கிடக்கிறது. ஊரார் எல்லாருக்கும் பிழைத்தல் போராட்டம். ராம்பேர் என்ற பத்திரிகையாளன் மட்டும் பாரிசில் இருக்கும் காதலியிடம் போகத் தப்பிக்கும் வழி தேடுகிறான். ஆள் பிடித்து, பேரம் பேசி, காவலர்களையும் ஏற்பாடு செய்தபிறகு, போகவேண்டிய வேளையில் டாக்டர் ரியேவிடம் வந்து 'நான் போகவில்லை' என்கிறான். பிழைக்க வழி கிடைத்த பிறகு எடுத்த முடிவு அது. இருத்தலியம் என்று நான் சொல்வது அந்த ஒரு வரியை. உப்பள நாவலிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது: முன்பணம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போக வாய்ப்புக் கிடைத்தும், கணக்கப்பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருத்தி நின்றுவிடுகிறாள். மேடையில் பேசிய நால்வரில் ஒருவரும் அந்த அத்தியாயத்தைக் குறிப்பிடவில்லை.