சுரங்கத்துக்குள் சுறா ஏன் இளைத்துப் போனது?

"சார், ஒரே தொட்டி, ஒரே சுறா. வெளியில நின்னு பார்த்தப்போ ஆளையே விழுங்குற மாதிரி இருந்துச்சு. உள்ளே குழாய் மாதிரி இருக்கிற வழியில நடந்து பார்த்தா எங்க வீட்டு நாய் அளவுக்குத்தான் இருந்துச்சு. இதுல எது நிஜம்?"

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி குரல்பதிவாக அனுப்பிய கேள்வி இது. அப்பாவுக்கு அபுதாபியில் வேலை. பள்ளி லீவுக்கு அங்கே போன பிள்ளையை, யாஸ் தீவில் 2023-இல் திறந்த சீ வேர்ல்டுக்கு ஒருநாள் கூட்டிப்போயிருக்கிறார். மறுநாள் துபாய் மாலில் இருக்கும் மீன் காட்சியகம். சுறாவைப் பார்த்தது அங்கேதான். குரல்பதிவில் ரோலர் கோஸ்டருக்குக் கிடைத்தது பத்து விநாடி. டால்பினுக்கும் பென்குயினுக்கும் சேர்த்து அரை நிமிடம். மீதி மூன்று நிமிடமும் இந்தச் சுறாவைப் பற்றித்தான். கேட்டு முடித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சுரங்கத்தில் நடப்பவர்கள் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். சுறா ஏன் சிறுத்தது என்று கேட்பவர்கள் அபூர்வம்.

முதலில் ஒன்று. அந்தத் தொட்டியின் கண்ணாடி கண்ணாடியே அல்ல, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். துபாய் தொட்டியில் ஒரு கோடி லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதன் முகப்புப் பலகை ஏறக்குறைய 33 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், 75 சென்டிமீட்டர் தடிமன். ஆழம் ஒரு மீட்டர் கூடினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் பாரம் கூடும் என்பது பள்ளியில் படித்ததுதான். சாதாரணக் கண்ணாடியை இத்தனை தடிமனாகச் செய்தால் பச்சை தட்டிவிடும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அக்ரிலிக் தெளிவாகவே இருக்கும். துண்டுகளைச் சேர்க்கும்போது அதே பொருளைத் திரவமாக இடையில் ஊற்றி இறுகவிடுவதால் ஒட்டுப்போட்ட இடமும் தெரியாது. சுரங்கத்தின் கூரை வளைவாக இருப்பதும் பாரத்துக்காகத்தான். பழைய கல்பாலத்து வளைவு போல எடையை இரண்டு பக்கமும் இறக்கிவிடும். ஆனால் பாரத்துக்காகப் போட்ட இந்த வளைவு, பார்ப்பவர் கண்ணில் வேறொரு வேலையும் செய்துவிடுகிறது.

அதற்கு முன் தட்டையான முகப்பைப் பார்த்துவிடுவோம். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி, எல்லையைச் சாய்வாகக் கடந்தால் வளையும். மூளைக்கு அந்த வளைவு தெரியாது. ஒளி நேராகத்தான் வந்தது என்று எடுத்துக்கொண்டு, வந்த திசையில் பின்னோக்கிக் கோடு போட்டு, "சுறா அங்கே இருக்கிறது" என்று முடிவு செய்துவிடும். ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு அது 1.33. தூரத்தை அதால் வகுத்தால் போதும், பலகைக்கு அப்பால் 4 மீட்டரில் இருக்கும் சுறா 3 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். உருவம் அதேதான், இடம்தான் கிட்டே வந்துவிட்டது. பலகையை ஒட்டி நின்று பார்த்தால் சுறா மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவது இதனால்தான். அக்ரிலிக்கின் எண் 1.49. ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருப்பதால் அது காட்சியைக் கொஞ்சம் நகர்த்துவதோடு சரி.

இந்த முக்கால் கணக்கை நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். குமரி மாவட்டத்திலும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் கல் உடைத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பாறைக்குழிகள் எத்தனையோ இருக்கின்றன. மழைத்தண்ணீர் தேங்கி, அடிவரை பளிங்கு மாதிரி தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் 4 மீட்டர் ஆழம் 3 மீட்டராகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தாலோ பாதி ஆழம்தான் இருப்பது போலக்கூடத் தோன்றும். இடுப்பளவுதானே என்று இறங்குகிறவனுக்குக் கழுத்தளவுக்கு வந்துவிடும். ஒரு பிள்ளை போய்ச்சேர்ந்த பிறகு, அந்தக் குழியில் யட்சி இருக்கிறாள், காலைப் பிடித்து இழுக்கிறாள் என்று பேச்சு கிளம்பும். பூசை போடுவார்கள். எனக்கு இதைக் கேட்டால் வயிறு எரிகிறது. அங்கே காலை இழுக்க யாரும் இல்லை. தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னதில், ஆழம் கண்ணுக்குத் தெரியாது என்பதும் அடங்கியிருக்கிறது. பூசைக்கு ஆகும் செலவில் ஒரு டப்பா பெயின்ட் வாங்கிப் பாறையில் ஆழத்தை எழுதி வைக்கலாம்.

இனி சுரங்கம். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். சுற்றிலும் அரை வட்டமாகச் சுவர், அதற்கு அப்பால் தண்ணீர். ஒரு சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் இருப்பது சக்கரத்தின் நடுக் குடத்தில், சுவர்தான் ரிம். எந்தத் திசையிலிருந்தும் குடத்தை நோக்கி வரும் ஒளி, கம்பி மாதிரி ரிம்முக்குச் செங்குத்தாகவே வந்து சேரும். செங்குத்தாக வரும் ஒளி வளையாது. அதாவது சுறாவின் தலையிலிருந்து வரும் கோடும் வாலிலிருந்து வரும் கோடும் வளையாமலே கண்ணுக்கு வருகின்றன. தண்ணீரே இல்லாவிட்டால் சுறா கண்ணில் எந்தக் கோணத்தை அடைத்திருக்குமோ அதையேதான் இப்போதும் அடைக்கிறது.

அப்படியானால் சிறுத்தது எப்படி? தூரத்தில்தான் விஷயம். சுறாவின் கண்ணில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒளி விசிறி போல விரிந்து வருகிறது. விசிறியின் நடுக்கம்பி மட்டும் குடத்தைப் பார்த்து நேராக வரும். பக்கத்துக் கம்பிகள் வளைந்த சுவரைச் சாய்வாகத் தொட்டு, காற்றுக்குள் வந்ததும் இன்னும் அதிகமாக விரியும். தட்டைப் பலகையிலும் விரியும்தான், ஆனால் இங்கே வளைவும் சேர்ந்துகொள்வதால் விரிவு கூடிவிடுகிறது. அதிகமாக விரிந்த விசிறியைப் பின்னோக்கி நீட்டினால் சீக்கிரமே ஒரு புள்ளியில் கூடிவிடும். அதனால் சுறா சுவருக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது போல ஆகிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் குழிலென்ஸ் செய்யும் அதே வேலை. சுரங்கம் முழுவதுமே ஒரு பெரிய குழிலென்ஸ், நாம் லென்ஸின் வயிற்றுக்குள் நடக்கிறோம்!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுரங்கத்தின் ஆரம் 1.2 மீட்டர் என்று வையுங்கள். சுறா சுவருக்கு அப்பால் 4 மீட்டரில். தட்டைப் பலகையாக இருந்தால் 3 மீட்டரில் தெரிந்திருக்கும். வளைவில் ஏறக்குறைய 1.65 மீட்டரிலேயே தெரிகிறது. கண் அளக்கும் கோணம் தூரத்துச் சுறாவின் கோணம், கண் உணரும் தூரமோ கிட்டத்துத் தூரம். இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு இவ்வளவு சின்னக் கோணம்தான் அடைக்கிறது என்றால் இது குட்டிச் சுறாவாகத்தான் இருக்க வேண்டும் என்று மூளை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கணக்குப்படி நிஜ அளவில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம்தான் வருகிறது. நாய் அளவு என்று அந்தப் பிள்ளை சொன்னது மிகையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். சுறா 4 மீட்டரில் இல்லாமல் 40 மீட்டரில், 400 மீட்டரில் இருந்தால்? பிம்பமும் தள்ளிப்போகும், ஆனால் ஓர் எல்லை வரைதான். ஆரத்தைப் போல மூன்று மடங்குதான் அந்த எல்லை. நம் சுரங்கத்தில் அது சுமார் 3.6 மீட்டர். சுவருக்கு வெளியே அரபிக்கடலே இருந்தாலும், வட்டத்தின் கணக்கில் அது முழுவதையும் 3.6 மீட்டருக்குள் சுருட்டிக் கொண்டுவந்து வைத்துவிடும் இந்த வளைவு. இதை முதன்முதலில் காகிதத்தில் வரைந்து பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சுரங்கம் பந்து மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்ததல்ல, குழாய் மாதிரி குறுக்கே மட்டும் வளைந்தது. நீளவாக்கில் அது நேர்கோடு, தட்டைப் பலகை போலத்தான். ஆகவே ஒரே மீனின் நீளத்துக்கு ஒரு கணக்கு, பருமனுக்கு வேறு கணக்கு. சுரங்கத்தை ஒட்டி நம்மோடு கூடவே நீந்தி வரும் சுறா நீண்டு மெலிந்து தெரியும். அதே சுறா திரும்பி நம் தலைக்கு மேலே குறுக்கே கடந்தால் குட்டையாக, தடித்துத் தெரியும். மேலே சொன்ன தூரத்தில் இந்த வித்தியாசம் கால் பங்குக்குப் பக்கத்தில் வரும். கண்கள் இரண்டும் பக்கவாட்டில் அமைந்திருப்பதாலும் ஒரு விளைவு உண்டு. நடந்துகொண்டே அண்ணாந்து பார்த்தால் இரண்டு கண்ணும் வளைவின் குறுக்கே அமைகின்றன, மீன் மிகக் கிட்டத்தில் தெரியும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றால் இரண்டும் நீளவாக்கில் அமைகின்றன, மீன் சட்டென்று தள்ளிப் போய்விடும்.

துபாய்க்குப் போய்ப் பார்க்க எனக்கு வாய்ப்பில்லை. ஆனால் ஓணம் சமயத்தில் பாறசாலை தாண்டி ஒரு மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், டெல்லி அப்பளம், நடுவில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு அக்ரிலிக் மீன் சுரங்கம். அங்கே போனேன். உள்ளே கடல்மீன் இல்லை. அமேசான் நதியின் அரபைமா இரண்டு இருந்தன, செதில் ஓரமெல்லாம் செம்மண் நிறம். அதில் பெரியது என் வலப்பக்கம் சுவரை ஒட்டி வந்தது. நல்ல வாளிப்பான, ஒல்லியான மீன். கோடியில் போய்த் திரும்பி என் தலைக்கு மேலே குறுக்கே கடந்தபோது முழங்கை மாதிரி கட்டையாகிவிட்டது. தண்ணீர் அங்கே முக்கால் மீட்டர்கூட இருக்காது, அதனால் வித்தியாசம் துபாய் அளவுக்கு இல்லை. ஆனாலும் தெரிந்தது. பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் நடந்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

வெளியே வந்தால் வாசலிலேயே உப்பிலிட்டது விற்கும் கடை. பெரிய கண்ணாடி ஜாடிகளில் நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி. சுரங்கத்துக்கு நேர் எதிர்க் கணக்கு இது. அங்கே வளைவுக்குள் காற்று, வெளியே தண்ணீர். இங்கே உள்ளே உப்புத்தண்ணீர், வெளியே காற்று. ஜாடி குவிலென்ஸ் ஆகிவிடுகிறது. நடுவில் மிதக்கும் நெல்லிக்காய் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு விரிந்து, நசுக்கிய பந்து மாதிரி தெரிகிறது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்ட கடைக்கார அம்மா கரண்டியால் ஒன்றை எடுத்து நீட்டினார். "பெருசா தெரியுதுன்னு நெனைக்காதிய சாரே, வெளிய எடுத்தா இம்புட்டுதான்." உருண்டையான, சின்ன நெல்லிக்காய். ஒளிவிலகலை அவரை விடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டில் செய்து பார்க்கவும் வழி இருக்கிறது. தட்டையான பக்கங்கள் உள்ள சின்ன மீன்தொட்டி போதும். காலியான, வழுவழுப்பான பாட்டிலை மூடிபோட்டு இறுக்கித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, அதன் ஊடாகப் பின்னால் இருக்கும் மீனைப் பாருங்கள். பாட்டில் நட்டமாக இருந்தால் மீன் நீளம் குறுகித் தெரியும், படுக்கவைத்தால் ஒல்லியாகும்.

இதைப் பார்க்க ஒரு பிள்ளை அமீரகம் வரை போகவேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. களியக்காவிளையிலிருந்து விழிஞ்ஞம் எட்டிவிடும் தூரம். அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, சிறியதாக ஒரு மீன் காட்சியகமும் உண்டு. கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்த விஞ்ஞானிகள் வேலை செய்த இடம். 1947-இல் தொடங்கிய நிறுவனம் அது. இப்படிப்பட்ட இடங்களுக்குத் தாராளமாகப் பணம் கொடுத்து, நல்ல தொட்டிகள் கட்டி, எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ் வைத்துக் கூட்டிப்போக வேண்டும். டால்பின் வேண்டாம். 2013-இல் மத்திய அரசு டால்பின் காட்சிகளுக்கு அனுமதி இல்லை என்று சொன்னது, அது சரியான முடிவு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலில் சுற்றும் புத்திசாலிப் பிராணியைப் பந்து தட்டவைத்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு வளைந்த சுவரும் நாலு மீனும் இருந்தால் ஒன்பதாம் வகுப்பு ஒளியியல் பாடம் முழுவதையும் நடத்திவிடலாம்.

இவ்வளவையும் சுருக்கி அந்த மாணவிக்குப் பதில் அனுப்பினேன். மறுநாள் காலை இன்னொரு குரல்பதிவு. பின்னணியில் பாட்டி "மக்களே, தோசை ஆறுது" என்று கூப்பிடுவது கேட்கிறது. "சார், அப்போ சுறாவுக்கு நாம எப்படித் தெரிவோம்?"

காகிதத்தை எடுத்து மறுபடி வரைந்தேன். வெளியே தண்ணீரிலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சுரங்கத்தின் குறுக்களவு முக்கால்தான். குறுக்களவு என்றால் நம் உயரமும் அதில் சேர்த்தி. தோள் அகலம் நீளவாக்கில் இருப்பதால் அது சுருங்காது. ஆகவே பக்கத்தில் நீந்திவரும் சுறாவின் பார்வையில், சுவரைப் பார்த்து நின்று கையாட்டிய அந்தப் பிள்ளை நாலில் ஒரு பங்கு உயரம் குறைந்து, குட்டையாக, அகலமாக நின்றிருப்பாள்.