பி.டி.ஓ. ஷாஃப்ட்: ஜாயிண்டை மாற்றுகிறோம், கவரைக் கழற்றி எறிகிறோம்

ஆடிப் பட்டத்துக்கு முன்னால் வேலூர் மாவட்டத்தின் கே.வி.குப்பம், அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கத்து மினி டிராக்டர்கள் எங்கள் பட்டறைக்கு வரிசை கட்டும். பெரும்பாலும் ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) கத்தி மாற்றத்தான் வருவார்கள். கத்தியை மாட்டிவிட்டு, டிராக்டரின் பி.டி.ஓ.வையும் (இன்ஜின் சக்தியைப் பின்னால் வெளியே தரும் தண்டு) ரொட்டவேட்டரையும் இணைக்கும் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினால் டிரைவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "சத்தம்தாணா வருது, வண்டி ஓடினுதானே கீது."

ஓடிக்கொண்டுதான் இருக்கும், உடைகிற நாள் வரைக்கும். நான் இதை எழுதுவது உடைகிற செலவுக்காக மட்டும் இல்லை. பட்டறைக்கு வரும் ஷாஃப்டுகளில் பெரும்பாலானவை மொட்டையாக வருகின்றன. மேலே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கவர் கிடையாது. கேட்டால், "அது எதுக்குணா, கிரீஸ் அடிக்கத் தொல்லை" என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9 சுற்று. ஷாஃப்டின் முனையில் மடங்கும் ஜாயிண்ட் (யுனிவர்சல் ஜாயிண்ட்) இருக்கும் இடத்தின் விட்டம் 7 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 22 செ.மீ. துணி சுருளும். வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். நாலு முழ வேட்டி முழுசாகச் சுருண்டு முடிய ஒரு வினாடி போதும். துணி மாட்டியதை உணர்ந்து காலைப் பின்னால் எடுக்கலாம் என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. தோளில் துண்டு, லுங்கி, சேலை முந்தானை, பெண்களின் பின்னல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

சரி, ஜாயிண்ட் ஏன் தேய்கிறது? யுனிவர்சல் ஜாயிண்டின் நடுவில் சிலுவை மாதிரி ஒரு கிராஸ் இருக்கும். அதன் நான்கு முனைகளிலும் கப், கப்புக்குள் ஊசி ஊசியாக பேரிங். கிரீஸ் வற்றினால் ஊசிகள் துருப்பிடித்துக் கிராஸின் காலை அரிக்கும். வெளியில் தெரியும் அடையாளம், கப்பின் ஓரத்தில் செம்பொடி. நம் பக்கத்துச் செம்மண் புழுதியில் அது கண்ணுக்கே படாது, துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். போதாக்குறைக்கு மலையடிவார நிலங்களில் கல் அதிகம். ரொட்டவேட்டர் கல்லில் மோதும் ஒவ்வொரு அடியும் கிராஸில்தான் இறங்குகிறது. கிரீஸ் 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்று கையேட்டில் போட்டிருக்கும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அது ஒரு நாள் ஓட்டம்கூட இல்லை. எத்தனை பேர் தினமும் கிரீஸ் கன்னை எடுக்கிறார்கள்?

இன்னொரு காரணத்தை டிரைவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வரப்பு வந்ததும் ரொட்டவேட்டரை ஹைட்ராலிக்கில் தூக்கித் திருப்புகிறார்களே, அப்போது பி.டி.ஓ.வை நிறுத்துவதில்லை. தூக்கிய நிலையில் ஜாயிண்ட் அளவுக்கு மீறி மடங்கி ஓடுகிறது. தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் திரும்பும் மினி டிராக்டரில் இது நாள் முழுக்க நடக்கும். டிரைவர்கள் சொல்லும் அந்த 'டக் டக்' சத்தம் பிறப்பது பெரும்பாலும் இங்கேதான்.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வை நியூட்ரலில் போட்டு, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி விஷயம் சும்மா சொல்வதில்லை. நீங்கள் கீழே குனிந்திருப்பது தெரியாமல் மேலே ஏறி ஸ்டார்ட் பண்ண வீட்டிலேயே ஒரு பிள்ளை இருக்கும். அப்புறம் ஜாயிண்டின் இருபுறமும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், எதிரெதிராக முறுக்குங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் கிராஸ் போய்விட்டது. கப்பைச் சுற்றி நீலம் பூத்திருந்தால் சூடேறி வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

கிராஸ் மட்டும் மாற்றுவதென்றால் சில நூறு ரூபாயில் முடியும். அளவைச் சரியாகக் கேட்டு வாங்குங்கள்: கப்பின் விட்டம், எதிரெதிர் கப்புகளின் வெளி முனைகளுக்கு இடையே உள்ள நீளம். 22-க்கு 54, 27-க்கு 74.6 என்று மி.மீ. கணக்கில் வரும். பழசைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம். அடிக்கிற அடியில் யோக்கின் (கப்புகள் உட்காரும் கவை) காது வளைந்துவிட்டால் புதுக் கிராஸ் நேராக உட்காராது. வைஸில் வைத்து அழுத்தி எடுப்பதே சரி. புதியதைப் போட்டதும் கையால் ஆட்டிப் பாருங்கள், நான்கு பக்கமும் இலகுவாக மடங்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் ஓர் ஊசி கப்பின் அடியில் சாய்ந்து விழுந்திருக்கும். கழற்றித் திரும்பப் போடுங்கள், "ஓடினா சரியாயிடும்" என்று விடாதீர்கள். யோக்கின் துளையே கோழிமுட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் யோக்கைத்தான் மாற்ற வேண்டும். கப்பை இரண்டு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்து அனுப்புகிற பட்டறைகள் உண்டு. சூட்டில் பேரிங் வீணாகும், அடுத்த முறை கழற்றவும் முடியாது.

முழு ஷாஃப்டையே மாற்றுகிறவர்கள் சறுக்குவது நீளத்தில். ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும் இரண்டு குழாய்கள். கடையில் கிடைப்பது பொது நீளம். அப்படியே மாட்டினால், பி.டி.ஓ. தண்டும் ரொட்டவேட்டரின் தண்டும் மிக நெருங்கி வரும் நிலையில் இரண்டு குழாய்களும் அடிமுட்டிவிடும். முட்டினால் தள்ளுகிற விசை டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கிலும் ரொட்டவேட்டர் கியர்பாக்ஸிலும் போய் இறங்கும். புது ஷாஃப்ட் போட்டு நாலு நாளில் ஆயில் கசிகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அளக்கும் முறை இது. இரண்டு பாதியையும் பிரித்து ஒன்றை டிராக்டரிலும் ஒன்றை ரொட்டவேட்டரிலும் மாட்டுங்கள். ஹைட்ராலிக்கை மெல்ல ஏற்றி இறக்கி, இரு தண்டுகளும் மிக நெருங்கும் நிலையில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ரொட்டவேட்டர் தூக்கிய நிலையில் இருந்தால் அடியில் கட்டை முட்டுக் கொடுக்காமல் கையை உள்ளே விட வேண்டாம். பாதிகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து, இரு முனைகளிலும் 25 முதல் 40 மி.மீ. இடைவெளி கிடைக்கும்படி குறியிடுங்கள். உள் குழாய், வெளிக் குழாய் இரண்டையும் ஒரே அளவு அறுக்க வேண்டும், கவரையும் அதே அளவு. அறுத்த விளிம்பை அரத்தால் ராவி, இரும்புத் தூளைத் துடைத்து, கிரீஸ் தடவிச் சேர்க்க வேண்டும். அதோடு முடியாது. மிக நீண்டு நிற்கும் நிலையிலும் குழாய்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குக் கீழே போனால் வேலை நடுவில் பிரிந்துவிடும். டிராக்டர் பக்கப் பாதி மட்டும் சுழன்று அடித்தால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது.

சேர்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஜாயிண்ட் மடங்கி ஓடும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். மறுமுனை ஜாயிண்ட் அதைச் சமன் செய்ய வேண்டுமானால், குழாயோடு சேர்ந்த இரண்டு யோக்குகளின் காதுகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சதுரத் தண்டு உள்ள ஷாஃப்டில் ஒரு பக்கம் தள்ளி மாட்டிவிட்டால் 90 டிகிரி விலகிவிடும். அதிர்வு தாளாமல் புதுக் கிராஸும் சீக்கிரமே போகும்.

ஷியர் போல்ட் பற்றிச் சுருக்கமாக. அது உடைவதற்காகவே வைத்தது. கல்லில் மோதும்போது போல்ட் உடைந்தால் கியர்பாக்ஸ் தப்பிக்கும். அடிக்கடி உடைகிறதே என்று இன்னும் கடினமான போல்ட் போடுகிறவர்கள் செலவைக் கியர்பாக்ஸுக்கு மாற்றிவிடுகிறார்கள். நீளமான போல்ட் போட்டு முனை துருத்திக்கொண்டிருந்தால் துணியை முதலில் பிடிப்பதும் அதுதான். ஷாஃப்டைத் தண்டோடு பிடித்து வைக்கும் லாக் பின்னுக்குப் பதிலாக ஆணியும் கட்டுக்கம்பியும் போடுவது அதைவிட மோசம்.

இப்போது கவர். கவர் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றக்கூடாது. அதற்காகத்தான் இரு முனையிலும் சின்னச் சங்கிலி கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை டிராக்டரிலும் மற்றதை ரொட்டவேட்டரிலும் அசையாத இடத்தில் மாட்ட வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கவரைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஷாஃப்ட் அசையாமல் கவர் மட்டும் சுலபமாகச் சுற்ற வேண்டும். சிக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையத்துக்குக் கிரீஸ் இல்லை அல்லது வளையம் தேய்ந்துவிட்டது. வளையம் தனியாகவே கிடைக்கும். கவர் ஓட்டையாகிப் பாதி பிய்ந்து தொங்கினால் முழுசாகவே மாற்றுங்கள். ஷாஃப்ட் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை.

கல்லூரி, மருத்துவமனை வளாகங்களில் ஓடும் புல்வெட்டும் டிராக்டர்களிலும் பல மாடல்களில் அடியில் ஒரு குட்டி ஷாஃப்ட் இருக்கும். ஈரப்புல் சுற்றிக்கொண்டு கிரீஸ் அடிக்கும் நிப்பிள் மறைந்துபோவதால் கிரீஸே பார்க்காமல் தேய்கிறது. சுற்றிய புல்லை இன்ஜின் ஓடும்போதே கையால் உருவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.டி.ஓ.வை அணைத்த பிறகும் வெட்டும் கத்தி சில வினாடி ஓடும்.

யாராவது மாட்டிக்கொண்டால் ஆளை இழுக்காதீர்கள், முதலில் இன்ஜினை அணையுங்கள். துணியை அறுத்து விடுவியுங்கள், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், 108-க்குப் போன் போடுங்கள். விரலோ கையோ துண்டாகியிருந்தால் அதைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்து ஆளோடு அனுப்புங்கள். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது.

புது ஷாஃப்ட் வாங்கப் போகும்போது பழசின் இரண்டு பாதியையும் கொண்டுபோங்கள். பி.டி.ஓ. தண்டு 35 மி.மீ. 6 ஸ்பிளைனா (தண்டின் நீளவாக்கில் உள்ள பற்கள்) என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், ரொட்டவேட்டர் பக்கத்தையும் தனியாக எண்ணுங்கள். டிராக்டரின் குதிரைத்திறனையும் சொல்லுங்கள். கவரும் சங்கிலியும் சேர்த்துப் பில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பல கடைகளில் மொட்டை ஷாஃப்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.