கசட்டணை: ‘டெய்லிங்ஸ் டேம்’ என்பதற்குத் தமிழ்

‘மலைச்சுரங்கத்தின் வால் அணைகளில் வழக்கமான ஒழுங்குமுறை ஆய்வு.’ ‘டெய்லிங்ஸ் டேம்’ என்பதை இப்படி மொழிபெயர்த்த வரியை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? எல்லாம் தமிழ்ச் சொற்கள்தான். ஆனால் அங்கே தேங்கியிருப்பது என்ன, அதிகாரிகள் எதைப் பார்க்கப் போனார்கள் என்பது யாருக்கும் விளங்காது. ‘வால்’ தவறு என்று படித்தவுடனே தெரிந்துவிடும். அதைத் திருத்துவதாக எண்ணிப் பலர் எழுதும் ‘கழிவுநீர் அணை’தான் பெரிய கேடு.

தாதுப்பாறையை உடைத்து, மாவாக அரைத்து, வேண்டிய உலோகத்தைப் பிரித்தெடுத்த பிறகு நுண்மணலும் தூளும் நீருமாக ஒரு குழம்பு மிஞ்சும். அதுதான் டெய்லிங்ஸ். ஆலைக்குள் போவது ‘தலை’, கடைசியில் வெளியேறுவது ‘வால்’ என்பது ஆங்கில ஆலை வழக்கு. சொல் பிறந்த கதை அவ்வளவே. செம்புத் தாதில் செம்பு பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. ஆகவே அரைத்ததில் ஏறக்குறைய எல்லாமே இந்தக் குழம்பாகத்தான் வெளியே வரும். மலையில் சமதரை கிடைப்பது அரிது. பள்ளத்தாக்கின் குறுக்கே கரை எழுப்பித் தேக்குகிறார்கள்.

இனி ‘கழிவுநீர்’. நம் காதில் இதற்கு ஒரே பொருள், சாக்கடை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தேங்கியிருப்பது நீர் என்று சொல்லிவிடுகிறதே, அதைப் பொறுக்க முடியாது. நீரணையில் கரை வேறு, நீர் வேறு. இங்கே அப்படிப் பிரித்துப் பார்க்க இயலாது. பல சுரங்கங்களில் அந்தக் குழம்பிலிருந்து பிரித்த பருமணலைக் கொண்டே கரை கட்டுகிறார்கள். கரையை உட்புறமாக நகர்த்தி நகர்த்தி உயர்த்தும் முறையில் ஒவ்வொரு புதுப் படியும் ஏற்கெனவே படிந்த கசட்டின் மேலேயே உட்காருகிறது. உள்ளே நீர் வடியாமல் நின்றுவிட்டால், மேலே நடந்து போகும் அளவுக்குக் கெட்டியாகத் தெரியும் தரை சட்டென்று இளகி ஓடிவிடும்.

பிரேசிலின் புருமாடின்யோ சுரங்க அணையில் 2019 ஜனவரி 25 அன்று நடந்தது இதுதான். அந்த அணையில் 2016-க்குப் பிறகு எதுவும் கொட்டப்படவில்லை. மேலே குளம் எதுவும் தேங்கி நிற்கவில்லை. இறந்தவர்கள் 270 பேர். இதைக் ‘கழிவுநீர் அணை உடைந்தது’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் வெள்ளம்தான் எழும். குளமே இல்லாத அணை எப்படி உடைந்தது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றாது. சொல்லே கேள்வியை மூடிவிடுகிறது. இத்தாலியின் ஸ்தாவாவில் மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தேக்கங்கள் இருந்தன. 1985 ஜூலை 19 அன்று மேலது இடிந்து கீழதன்மேல் சரிந்தது. பள்ளத்தாக்கில் இறங்கிய சேறு 268 உயிர்களைக் கொண்டுபோனது. அதையும் ‘கழிவுநீர்’ என்பீர்களா?

வெறும் ‘கழிவு’ போதாதா என்பார்கள். போதாது. அகற்றிய மேல்மண்ணும் சுரங்கக் கழிவுதான், தாதில்லாமல் ஒதுக்கிய பாறையும் கழிவுதான். அவை குவியலாகக் கிடக்கும். இது அரைபட்டு, நீரோடு குழாயில் வருவது. ‘வண்டல்’ என்போரும் உண்டு. ஆறு கொண்டுவந்து சேர்க்கும் வளமான மண்ணின் பெயரை, ஆர்சனிக் போன்ற நஞ்சு கலந்திருக்கக்கூடிய ஆலைத்தூளுக்குச் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

கசடு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. வேண்டியதை வடித்தெடுத்த பின் அடியில் தங்குவது அது. ‘கசடற’ என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முகடு ‘முகட்டு’ ஆவதுபோல் கசடு ‘கசட்டு’ ஆகும்: தாதுக்கசடு, கசட்டணை. உலோகத்தை உருக்கும்போது வரும் ஸ்லாக்கையும் கசடு என்கிறோமே என்று தடை சொல்லலாம். அதற்குக் கிட்டம் என்ற பழைய சொல்லே இருக்கிறது. இரும்புக் கிட்டம் சித்த மருந்துக்கும் பயன்படுவது. கரையையும் உள்ளிருப்பதையும் சேர்த்துச் சொல்ல ‘கசட்டுத் தேக்கம்’ பொருந்தும். 2020-இல் வெளியான, தாதுக்கசட்டு மேலாண்மைக்கான உலகத் தரநெறியும் அணையை மட்டும் பேசாமல் முழு அமைப்பையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது.

‘வழக்கமான ஒழுங்குமுறை ஆய்வு’ என்பதையும் விட மனமில்லை. ஆய்வு என்றால் ஆராய்ச்சியும் ஆகும். ‘வழக்கமான’ என்றால் ஏனோதானோ என்ற தொனி வந்துவிடுகிறது. ‘அரசின் காலமுறைச் சோதனை’ என்று எழுதுங்கள். புருமாடின்யோ அணைக்கும் 2018 செப்டம்பரில் தணிக்கை நிறுவனம் ஒன்று நிலைத்தன்மைச் சான்று கொடுத்திருந்தது. அப்படியிருக்க, சோதனையில் எதைப் பார்த்தார்கள் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

அணையின் அடிவாரத்தில் கசியும் நீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பது சோதனையில் ஒரு பகுதி. நீர் தெளிவாக இருந்தால் வடிகால் தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். கலங்கலாக வந்து அடியில் தூள் படிந்தால், அணையின் உள்ளே அரிப்பு தொடங்கியிருக்கக்கூடும். நம் மொழிபெயர்ப்புகளில் இரண்டுக்கும் ஒரே வரிதான்: ‘கசிவு கண்டறியப்பட்டது.’ தெளிந்த கசிவா, கலங்கல் கசிவா என்று மூல அறிக்கை சொல்லியிருந்தால் அதைத் தமிழில் கொண்டுவர ஒரே ஒரு சொல் கூடுதலாகப் போதும்.