மரண சாதனம் எழுதும் முன் காணிப் பத்திரத்தைப் பாருங்கள்

இறந்தவரின் சொத்துக்காகக் கிளிநொச்சியில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பையோடு வருவார்கள். இறுதிப் போரின் இடப்பெயர்வில் பானை சட்டியை விட்டுவிட்டுக் காணிப் பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்த மக்கள் இவர்கள். மடிப்பில் எழுத்து அழிந்திருக்கும்; ஆனாலும் பத்திரம் இருக்கும். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியது என்ன வகைப் பத்திரம் என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சில காலத்துக்கு முன் வந்த ஓர் அம்மாவின் கதையை, அடையாளம் தெரியாதபடி மாற்றி, எழுதுகிறேன். கணவரின் மரண சாதனத்தை, அதாவது உயிலை, மேசையில் விரித்து வைத்தார். "தம்பி, மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகத்தான் எழுதியிருக்கிறார். பிரதேச செயலகத்தில் இது செல்லாது என்கிறார்களே?" என்று கேட்டார். நொத்தாரிசின் முன்னால், இரண்டு சாட்சிகளோடு, முறையாக எழுதப்பட்ட சாதனம் அது. ஆனால் அதில் பிள்ளைகளுக்குப் பிரித்த வயலும் மேட்டுக்காணியும் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த பேமிற் காணி, அதாவது அரசின் அனுமதிப்பத்திரத்தில் வந்த காணி.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ வந்த காணியை மரண சாதனத்தால் யாருக்கும் கொடுக்க முடியாது. பொதுவான வாரிசுச் சட்டமும் அங்கே நுழையாது. அந்தக் காணிக்குப் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் அதைப் பெறுபவரை, நியமிக்க வேண்டும். அந்த நியமனம் காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே பதியப்பட்டிருக்க வேண்டும். இறந்த பிறகு "அப்பா வாயால் சொன்னவர்" என்று ஊரே திரண்டு சாட்சி சொன்னாலும் பயனில்லை. சாதனத்தை எழுதிக்கொடுத்த நொத்தாரிசு 'இது உறுதிக் காணியா (சொந்த உரிமைப் பத்திரம் உள்ளதா), பேமிற் காணியா?' என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் இவ்வளவு அலைந்திருக்காது. எனக்கு இன்னமும் ஆறாத கோபம் அது.

பின்னுரித்தாளர் வெளிநாட்டில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உரித்து வந்தவர் இறப்பு நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் காணியை ஆட்சியில் எடுக்காவிட்டால் உரித்தை இழக்க நேரிடலாம். கனடாவிலிருக்கும் மூத்த மகனின் பெயரைப் பெருமையோடு எழுதிவைத்துவிட்டு, காணியில் வேர்வை சிந்துகிற மகளை மறந்துபோகும் தகப்பன்மாரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். யாரையும் நியமிக்காமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கு முதலிடம் என்றிருந்த பழைய வரிசையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியிருக்கிறது. ஆனாலும் சண்டையைத் தவிர்ப்பது பதிந்த நியமனம்தான். காணி உத்தியோகத்தரிடம் போய், உங்கள் பெயருக்கு நேரே யார் பதியப்பட்டிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். 2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தில் முழு உரித்துப் பெற்றவர்களின் நிலை வேறு; அவர்கள் புதிய பத்திரத்தைக் காட்டி ஆலோசனை பெற வேண்டும்.

உறுதிக் காணி, வங்கிப் பணம், வாகனம் போன்றவற்றுக்கு மரண சாதனம் செல்லும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். சாதனத்தில் பெயர் சொல்லப்பட்ட நிறைவேற்றுநர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அதை நிரூபித்து 'புறோபேற்று' என்னும் நீதிமன்ற அனுமதியைப் பெறுவார். சாதனம் இல்லையென்றால் உறவினர் ஒருவர் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாகக் கடிதம் பெற வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் வரும், ஆட்சேபிக்கிறவர்களுக்கு அவகாசம் உண்டு, கடனைத் தீர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும், பிறகுதான் பங்கு. சாதனம் இல்லாத இடத்தில் வடக்குத் தமிழருக்குத் தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம் பேசும்: முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்து வந்த வழியைப் பார்க்கும். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்களுக்கு எந்தச் சட்டம் என்பதைத் தனியே ஆராய வேண்டும். ஊகித்துப் பங்கு பிரிக்காதீர்கள்.

தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம், கொடுத்தவரின் உயிரோடு முடிந்துவிடுகிறது. தகப்பன் இறந்தது தெரிந்தும் அதைக் காட்டிக் காணி எழுதுவது குற்றத்தில் போய் முடியும்.

வெளிநாட்டுப் பணத்தில் தம்பியின் பெயரில் வாங்கிய காணிகளும் இங்கே ஏராளம். தம்பி இறந்தால் பத்திரத்தின்படி அது அவர் மனைவி மக்களுக்குப் போகும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், பணம் கொடுத்தவர் அதைத் தம்பிக்கு நன்கொடையாக நினைக்கவில்லை என்று தெரிந்தால், தம்பி அவருக்காகவே வைத்திருந்தார் என்று கொள்கிறது. அதை நிரூபிக்கப் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு வேண்டும். அண்ணன் தம்பிக்குள் எதற்குச் சீட்டு என்று கேட்பவர்கள், தம்பியின் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காணாமலாக்கப்பட்டவர்களின் சொத்தைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால் பிள்ளையைத் தானே புதைத்ததாகிவிடும் என்று மறுக்கும் தாய்மாரை நான் ஒருபோதும் வற்புறுத்தியதில்லை. மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இறந்ததாகச் சொல்லாமல், காணாமற்போனவர் என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்தைப் பெறலாம். சொத்தைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றுப் பார்க்க அது வழிசெய்யும். பங்கு பிரிக்க உதவாது. தேடலையும் அது நிறுத்திவிடாது.

அந்த அம்மாவின் காணியில் பின்னுரித்தாளர் யாரும் பதியப்படவில்லை. ஆனால் கணவர் இறந்த பிறகும் அவர் அந்த மண்ணை விட்டு அகலவில்லை. காலபோகத்துக்கு வயலும் விதைக்கப்பட்டிருந்தது. மனைவியாக அவருக்கே முதல் உரித்து என்று பிரதேச செயலகத்துக்கு எழுதினோம். சாதனத்தில் சொல்லியிருந்த வீட்டு வளவு மட்டும் உறுதிக் காணி. அதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். பத்திரங்களைத் திரும்ப அடுக்கி அதே பையில் வைத்தார். புதிய பை ஒன்று கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.